மருதோண்டி காய்வதற்குள் ஒரு சான்றிதழ்

என் நிக்காஹுக்கு முதல் நாள் பகல் மூன்று மணியிருக்கும். மருதமுனையில் எங்கள் வீட்டு நடு அறையில், இரண்டு கைகளிலும் முழங்கை வரை மருதோண்டியோடு விரல்களை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கால்களிலும் கணுக்கால் வரை போட்டாகிவிட்டது. போட்டுவிட்டவள் என் மாமா மகள். "ரெண்டு மணித்தியாலத்துக்கு அசையப்படாது" என்று சட்டம் போட்டுவிட்டாள். மூக்கு அரித்தால்கூட உம்மாவைக் கூப்பிட வேண்டிய நிலை.

அப்போது தோஹாவிலிருந்து ராத்தாவின் குரல் செய்தி வந்தது. மாமா மகள் போனை என் காதருகே பிடித்தாள்.

"தங்கச்சி, நீ அனுப்பின பக்கத்தத் தொறந்தன். பாதுகாப்பில்ல எண்டு காட்டுது. கெமராவும் வேல செய்யுதில்ல. நாளைக்கி நான் என்னத்தடி பாக்கிற?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் தழுதழுத்தது.

எனக்கு இருப்பது ஒரே அக்கா, இந்த ராத்தாதான். அவள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வழக்கமான வீடியோ அழைப்புகள் அவள் இருக்கும் இடத்தில் ஒழுங்காகப் பிடிபடுவதில்லை. கலியாண வீட்டுப் பெண்கள் பக்கத்தைச் சமூக வலைத்தளங்களில் போட எங்கள் வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதனால் நானே ஒரு வலைப்பக்கம் செய்தேன். ரகசியச் சொல் தெரிந்த குடும்பத்தார் மட்டும் உள்ளே வரலாம். எங்கள் போனின் கெமரா அங்கே தெரியும், ராத்தாவின் கெமரா இங்கே தெரியும்.

இந்த வேலை எனக்குப் புதிதல்ல. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள சில கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே வலைத்தளங்கள் செய்து கொடுக்கிறேன். எல்லாவற்றையும் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு சேவர் கணினியில் வைத்திருக்கிறேன். அதை நிர்வகிக்க ஒரு கொன்ட்ரோல் பெனலும் நானே நிறுவிக்கொண்டதுதான். ராத்தாவின் பக்கத்தை ஒரு கிழமைக்கு முன்பே செய்து, அவளோடு பேசிப் பார்த்து, எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் புத்தி கெட்டுப்போனது. பழைய சேவர் மெதுவாக இருக்கிறது, கலியாணத்தன்று படம் நின்று நின்று ஓடும் என்று பயந்து, மருதோண்டிக்கு முந்திய நாள் புதிய சேவரொன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். பழையதிலிருந்த கோப்புகளையும் அழித்துவிட்டேன். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை மட்டும் கொண்டு வரவில்லை. கொன்ட்ரோல் பெனலில் ஒரு பொத்தானை அமத்தினால் புதிய சான்றிதழ் வந்துவிடும் என்ற தைரியம். மருதோண்டி போட உட்காருமுன் அமத்திவிடுவோம் என்று நினைத்தேன். அதற்குள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் விழும். பூட்டு இல்லாத பக்கத்துக்கு எந்த உலாவியும் கெமராவைத் திறந்து கொடுக்காது. ஆகவே சான்றிதழ் இல்லையென்றால் ராத்தாவுக்கு நிக்காஹும் இல்லை.

"லெப்டொப்ப எடுத்து அந்தக் கதிரையில வை" என்று மாமா மகளிடம் சொன்னேன். "எஸ்எஸ்எல் எண்டு ஒரு இடம் இரிக்கி. அதத் தொட்டு, சான்றிதழ் எடு எண்டிரிக்கிற பொத்தான அமத்து."

அமத்தினாள். சக்கரம் சுழன்றது. 'தோல்வி' என்று சிவப்பில் வந்தது. நான் யோசிப்பதற்குள் மறுபடி அமத்தினாள். மறுபடி தோல்வி. "நெட் ஸ்லோ போல" என்று சொல்லிக்கொண்டு மூன்றாம் தடவையும் அமத்தினாள்.

"போதும் புள்ள, இனி அமத்தாத!"

"அப்ப என்ன செய்யிற?"

"கறுப்பு ஸ்கிரீன் ஒண்டு தொறந்து, நான் சொல்றத அடிக்கணும்."

அவள் போனில் இரண்டு பெருவிரல்களால் மின்னல் வேகத்தில் அடிப்பாள். கீபோட் முன்னால் உட்கார்ந்ததும் ஒவ்வொரு எழுத்தையும் தேடத் தொடங்கினாள். ஒரு வரி அடிக்க ஐந்து நிமிடம். அதிலும் இரண்டு எழுத்து பிழை. நான் கையை நீட்டப் போனேன். "கை! கை!" என்று அறையிலிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அந்தக் கூச்சலுக்குள்தான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கலியாணப் புடைவைப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் என் மாமி, அதாவது நாளை முதல் எனக்கு மாமியாராகப் போகிறவர்.

மாமி என்றால் எனக்கு அப்போது சரியான பயம். சாய்ந்தமருதிலிருந்து தினமும் வந்து, கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் போட்டோகொப்பியும் டைப்பிங்கும் செய்யும் கடையொன்றை நடத்துகிறவர். விண்ணப்பம், முறைப்பாடு, காணிக் கடிதம் எதுவானாலும் கையெழுத்தில் கொண்டு போய்க் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அச்சுப்போல வரும். அரைகுறையாக நிரப்பிய படிவத்தோடு போனவர்களை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார் என்று ஊரில் பேச்சு. பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "கம்பியூட்டர் வேல எண்டாங்க. தமிழ் டைப் பண்ணத் தெரியுமா?" ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையில் அடிப்பேன் என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்' பல நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது.

இப்போது அவர் அறை வாசலில் நின்று, கதிரையில் இருந்த லெப்டொப்பையும் என் கைகளையும் மாமா மகளின் வியர்த்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சோலி?"

உம்மா ஓடி வந்து, "ஒண்டுமில்ல மதினி, நீங்க இரிங்க, தேத்தண்ணி வருது" என்று மறைக்கப் பார்த்தார். நான்தான் உண்மையைச் சொன்னேன். ராத்தாவின் விஷயம், சான்றிதழ், கெமரா எல்லாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. துடைக்கவும் கையில்லை.

மாமி தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார். பிறகு கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மாமா மகளிடம் "எழும்புங்க மகள்" என்றார். லெப்டொப்பை மடியில் வைத்து, இரண்டு கை விரல்களையும் நடு வரிசையில் பரப்பினார்.

"சொல்லுங்க. என்ன அடிக்கணும்?"

நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். விசையைப் பார்க்கவே இல்லை. நான் ஒரு சொல்லை முடிக்குமுன் அது திரையில் விழுந்திருந்தது.

"அதுக்குப் பொறகு ஒரு சாய்கோடு மாமி."

"எந்தப் பக்கம் சாயுற கோடு?"

அந்தக் கேள்விக்கே எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. என்னோடு படித்தவர்கள்கூட அதைக் கேட்க மாட்டார்கள், பிழையாக அடித்துவிட்டு முழிப்பார்கள்.

சேவருக்குள் போவதற்கு முதலில் அதன் எண் முகவரியைச் சொன்னேன். நான்கு கூறு எண்கள், இடையில் புள்ளிகள். அடித்தார். அடுத்தது ரகசியச் சொல்.

"மாமி, இனி நான் சொல்ற எழுத்து ஒண்டும் ஸ்கிரீன்ல விழாது. விழாட்டியும் அடிச்சிக்கிட்டே போங்க."

"ஏன், கீபோட் பழுதா?"

"இல்ல மாமி, மத்தவங்க பாக்கப்படாதெண்டு அப்பிடி வெச்சிரிக்கி."

"அப்ப இத்தன பேருக்கு முன்னால சத்தமாச் சொல்லப் போறீங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள்தானே, ஒருவருக்கும் இதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது என்ற நம்பிக்கையில் சொல்லத் தொடங்கினேன். பெரிய எழுத்து ஒன்று. இன்னொன்று. மூன்றாவது. பிறகு ஒரு சிறு கோடு. பிறகு முதல் இலக்கம், இரண்டாவது இலக்கம்...

மாமியின் விரல்கள் நின்றன. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மிச்ச ரெண்டையும் நான் சொல்லவா?"

சொன்னார். சரியாகவே சொன்னார்.

"இது என்ட மகன்ட மோட்டார் சைக்கிள் நம்பரெல்லோ!"

நிச்சயம் முடிந்த பிறகு சனிக்கிழமைகளில் மாப்பிள்ளை ஒரு வேலையும் இல்லாமல் எங்கள் ஒழுங்கையால் மோட்டார் சைக்கிளில் போவார். நான் ஜன்னல் துணிக்குப் பின்னால் நிற்பேன். முகத்தைப் பார்க்க வெட்கம், போகும்போது பின்பக்கத்து இலக்கத் தகட்டைத்தான் பார்ப்பேன். புதிய சேவர் எடுத்த நாள் ரகசியச் சொல் கேட்டது, எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. அதை எப்படி அந்தக் கூட்டத்தில் சொல்வது? முகத்தை மூடக் கையும் இல்லை. தலையைக் குனிந்தபடி இருந்தேன். அறை வெடித்துச் சிரித்தது. குசினியிலிருந்து உம்மா அகப்பையோடு ஓடி வந்து "என்ன, என்ன?" என்று கேட்டார். மாமா மகள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மாமிதான் கடைசியாகச் சிரித்தார். சிரிக்கத் தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் மிச்ச இரண்டு இலக்கங்களையும் அடித்தார்.

உள்ளே போனோம். சேவரின் காவல் அடைப்பான ஃபயர்வோலில் வாசல் ஏதாவது மூடியிருக்கும் என்பது என் முதல் சந்தேகம். பார்க்கச் சொன்னேன். எல்லாம் திறந்துதான் இருந்தது. பொத்தானை அமத்தச் சொன்னேன். தோல்வி. பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ போட்ட முகவரிக்கும் சேர்த்துச் சான்றிதழ் கேட்கிறது, அப்படியொரு முகவரியே நான் பதியவில்லை என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அதற்கு நேரேயிருந்த சரி அடையாளத்தை எடுக்கச் சொல்லி மறுபடி அமத்தச் சொன்னேன். அதுவும் தோல்வி. இந்த முறை கூடுதலாக ஒரு வரி: அளவுக்கு மேல் முயன்றுவிட்டீர்கள், ஒரு மணித்தியாலம் கழித்து வாருங்கள்.

"யா அல்லாஹ்" என்றேன்.

மாமி லெப்டொப்பில் இருந்து கையை எடுத்தார். "மகள், ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே? என்ட கடைக்கி ஆக்கள் வருவாங்க, அனுப்பின விண்ணப்பம் திரும்பி வந்திட்டு, மறுகா ஒண்டு அடிச்சித் தாங்க எண்டு. திரும்பி வந்த கடிதம் எங்க எண்டு கேப்பன். ஏன் திருப்பினாங்க எண்டு அதில எழுதியிரிக்குமே. அத வாசிக்காம மறுகா மறுகா அனுப்பி என்ன செய்ற? இது ஏன் திருப்புதெண்டு எங்கயும் எழுதாதா?"

எழுதும். பிழைப்பதிவு என்று ஒரு கோப்பில் ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் எழுதியிருக்கும். கடைக்காரர்களுக்கு வேலை செய்யும்போது நான் முதலில் திறப்பது அதைத்தான். என் சொந்தக் கலியாணத்தில் பதற்றப்பட்டு அதை மறந்து போனேன். வெட்கத்தோடு அந்தக் கோப்பைத் திறக்கும் வரியைச் சொன்னேன்.

திரை முழுக்க ஆங்கிலம் கொட்டியது. சான்றிதழ் கொடுப்பவர்கள் ஒரு சிறு கோப்பை நம் தளத்தில் வைக்கச் சொல்லி, பிறகு தாங்களே வந்து அது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தளம் நம்முடையதுதான் என்று ஒப்புக்கொள்வார்கள். வந்து பார்த்தோம், அப்படி ஒரு கோப்பு அங்கே இல்லை என்று எழுதியிருந்தது. ஆனால் கோப்பு இருந்தது. மாமியை வைத்தே பார்த்தேன், போனில் திறந்தாலும் தெரிந்தது.

மாமி திரைக்குக் கிட்டக் குனிந்து விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். விலாசம் பிழையாகப் போகக்கூடாது என்று வருடக்கணக்காகப் பார்த்த கண்.

"மகள், முதல் நீங்க எனக்கு அடிக்கச் சொன்ன நம்பர் நாலு துண்டு. வெறும் இலக்கம். இதில வேற என்னமோ கிடக்கு. இலக்கமும் எழுத்தும் கலந்து, நடுவுல ரெண்டு ரெண்டு புள்ளி. இது ஆருட விலாசம்?"

பார்த்தேன்.

இணையத்தில் ஒரு தளத்துக்கு இரண்டு வகை முகவரி பதியலாம். ஒன்று இலக்கம் மட்டுமுள்ள பழைய வகை, மற்றது எழுத்தும் கலந்த புதிய வகை. புதிய சேவருக்கு மாறியபோது முதலாவதை மட்டும் மாற்றியிருந்தேன். இரண்டாவது இன்னும் பழைய சேவரையே காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு இணைப்பு முதலாவது வழியாகப் போவதால் எங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. சான்றிதழ் கொடுப்பவர்களோ இரண்டாவது வழியாகப் போய், நான் காலி செய்துவிட்டு வந்த சேவரில் கோப்பைத் தேடியிருக்கிறார்கள்.

"மாமி!" என்று கத்தினேன். "அது பழைய வீட்டு விலாசம்! அவங்க பழைய வீட்டுக்குப் போய்த் தட்டியிரிக்காங்க!"

"அப்ப ஆரு கதவு தொறக்கிற?" என்றார் மாமி. அவருக்கு விளங்கிவிட்டது.

முகவரிகளைப் பதியும் இடத்தைத் திறந்து, அந்த இரண்டாவது வரியை அழிக்கச் சொன்னேன். மாமி உடனே அழிக்கவில்லை. "அழிச்சா மறுகா வருமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று இரண்டு தரம் கேட்டு, அந்த வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் அழித்தார்.

இனி ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அஸர் தொழுகை முடிந்து பெண்கள் பெட்டியைத் திறந்து புடைவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணியாரமும் வட்டிலப்பமும் சுற்றி வந்தன. எனக்குச் சாப்பிடக் கையில்லை. மாமி ஒரு கோப்பையில் வட்டிலப்பம் எடுத்து வந்து, கரண்டியால் எனக்கு ஊட்டத் தொடங்கினார். அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"மாமி, பொண்ணு பாக்க வந்த அண்டு நீங்க 'ம்' எண்டு மட்டும் சொன்னீங்க. என்னப் புடிக்கல்லயோ எண்டு நெனச்சன்."

கரண்டி நடுவில் நின்றது. "அதுவா? எனக்கித்தான் பயமா இரிந்திச்சி. இந்தப் புள்ள பெரிய கம்பியூட்டர் வேலயெல்லாம் செய்யுது, நான் போட்டோகொப்பி அடிக்கிறவள், என்னத்தக் கதைக்கிற எண்டு. தமிழ் டைப்பிங் ஒண்டுதான் எனக்கித் தெரிஞ்சது. அதக் கேட்டன். நீங்க வேற என்னமோ முறை எண்டீங்க. அதுவும் எனக்கி விளங்கல்ல. அதான் 'ம்' எண்டன்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. வட்டிலப்பம் என் நாடியில் வழிந்தது, அதையும் அவரே துடைத்துவிட்டார்.

நேரமானது. மருதோண்டி காய்ந்து மாமா மகள் உதிர்த்துக்கொண்டிருந்தாள். கைகள் நல்ல செம்மஞ்சளாக வெளியே வந்தன. விரல்கள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. ஆனாலும், "நீங்களே அமத்துங்க மாமி" என்றேன்.

புடைவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழும்பி வந்து கதிரையைச் சுற்றி நின்றார்கள். உம்மா தேத்தண்ணித் தட்டோடு நின்றார். மாமி "பிஸ்மில்லாஹ்" சொல்லிப் பொத்தானை அமத்தினார். சக்கரம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் மாமி, நன்றாக வாசித்துவிட்டு.

"தந்திட்டாங்க மாமி!"

யாரோ குரவை போட்டார்கள். நிக்காஹ் நாளைக்குத்தான் என்று உம்மா சொல்லச் சொல்ல இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். பக்கத்தைத் திறந்தோம், பூட்டு விழுந்திருந்தது. ராத்தாவுக்குச் செய்தி அனுப்பிய ஒரு நிமிடத்துக்குள் அவள் முகம் திரையில் வந்தது. அவளுக்கு முதலில் தெரிந்தது மாமியின் நெற்றியும் கண்ணாடியும்தான்.

"இது ஆரு?" என்றாள் ராத்தா.

"நான் மாப்பிள்ளட உம்மா. ஒங்கட பக்கத்த நான்தான் திருத்தினன்" என்றார் மாமி.

மறுநாள் பெண்கள் பக்கத்துப் போனுக்கு மாமியே காவல். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை உள்ளே வந்து எங்கள் ஊர் வழக்கப்படி எனக்குத் தாலி போட்டபோது, "கொஞ்சம் இஞ்சால திரும்புங்க, ராத்தாக்குத் தெரியல்ல" என்று தன் மகனையே தோளில் பிடித்துத் திருப்பினார். திரையில் ராத்தா அழுதுகொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை குனிந்து என்னிடம் முதன்முதலாகச் சொன்னது, "பைக் நம்பர மாத்த ஏலாது. பாஸ்வேர்ட மாத்திருங்க" என்பதுதான். அன்று மாலையே மாற்றினேன். புதியதை யாருக்கும் சொல்லவில்லை.

விருந்தாளிகள் போன பிறகுதான் வீட்டுப் பெண்கள் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் ஆறு பேருக்கு ஒரு சஹன், அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். மாமி எண்ணிப் பார்த்து ஐந்து பேரோடு நிறுத்தினார். ஆறாவது இடத்தில் தண்ணீர்க் கூசாவை வைத்து, அதில் போனைச் சாய்த்து நிறுத்தினார். தோஹாவில் ராத்தாவும் தான் ஆக்கிய புரியாணியைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் அமர்ந்தாள். உம்மா பழக்கதோஷத்தில் ஒரு பெரிய இறைச்சித் துண்டை எடுத்து அவள் பக்கமாக வைத்தார். அதை மாமா மகள் எடுத்துக்கொண்டதைக் கண்டு ராத்தா தோஹாவிலிருந்து சத்தம் போட்டாள்.